ஓங்கலும் எறிதலும்: வேங்கட எல்லையில் அச்சுறுத்தித் தடுத்தல் – ஒரு வரலாற்று நோக்கு

குற்றம் நிகழ்ந்தபின் குற்றவாளியை ஒறுப்பது ஒன்று. அது நிகழாவண்ணம் முன்னரே அஞ்சச் செய்து தடுப்பது மற்றொன்று. பழந்தமிழ் நூல்களும் வடமொழி நூல்களும் இவ்விரண்டையும் 'தண்டம்' என்னும் ஒரே சொல்லால் பெரும்பாலும் சுட்டிவிடுவதால், இவற்றிடையே உள்ள வேறுபாடு ஆய்வாளர் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. ஒறுப்பு கடந்தகாலத்தை நோக்குவது. அச்சுறுத்தல் எதிர்காலத்தை நோக்குவது. ஒறுப்புக்கு ஒருவனே இலக்கு. அச்சுறுத்தலுக்கோ அவனைக் காண்போர், கேட்போர், இன்னும் பிறவாதோர் அனைவரும் இலக்கு. போர், தண்டனை, அன்றாடக் காவல் ஆகிய மூன்றிலும் இக்கருத்து எவ்வாறு இயங்கியது என்பதைத் தொண்டை மண்டலத்தின் வடபகுதியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

எலும்பு முறிவுக் கட்டால் தமிழகம் முழுதும் அறியப்பட்ட புத்தூரும், அதனைச் சூழ்ந்த நாராயணவனம், நாகலாபுரம், திருச்சானூர், சந்திரகிரி, காளத்தி முதலிய ஊர்களும் இப்பகுதியில் அடங்கும். கார்வேட்டிநகரம் சமீனின் பகுதியாக இருந்த புத்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்து, 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் சென்றது. 2022இல் திருப்பதி மாவட்டம் பிரிக்கப்பட்டபின் அதனைச் சேர்ந்தது. பக்கத்துத் திருத்தணி மட்டும் 1960இல் சென்னை மாநிலத்திற்கு வந்தது. நிர்வாக எல்லைகள் இவ்வாறு மாறினும், தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்திற்கு வடவெல்லையாகச் சுட்டும் வேங்கடம் இப்பகுதியிலேயே நிற்கிறது. எல்லைநிலம் என்பதனாலேயே காவலும் அச்சமும் இங்கு மிகுதியாகப் பதிவாகியுள்ளன.

சொல்லும் பொருளும்

தினைப்புனத்தில் கிளி ஓட்டும் மகளிர் தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளால் ஒலியெழுப்பினர் என்பது குறிஞ்சிப்பாட்டால் அறியப்படுகிறது. கிளியைக் கொல்வது அவர்தம் நோக்கமன்று. அது கதிரில் அமராமற் செய்வதே நோக்கம். அச்சுறுத்தித் தடுத்தலின் மிக எளிய வடிவம் இதுவே எனலாம்.

போரிலும் இதே கருத்து இலக்கண நூலாரால் உணரப்பட்டிருந்தது. வஞ்சித்திணைக்குத் தொல்காப்பியர் கூறும் இலக்கணத்தில், மண்ணாசை கொண்ட வேந்தன்மேல் மற்றொரு வேந்தன் அவன் அஞ்சும்படி படையெடுத்துச் செல்லுதல் இடம்பெறுகிறது. அச்சம் அங்கு அடையன்று, செலவின் நோக்கத்திலேயே அடங்கியது. 'அரண்' அதிகாரத்தில் திருவள்ளுவர் இதனை மேலும் கூர்மையாக்குகிறார். காக்க வேண்டிய இடம் சிறிதாய், உள்ளிடம் பெரிதாய் இருந்து, வந்த பகைவரின் மன ஊக்கத்தைக் கெடுப்பதே அரண் என்பது அவர் கருத்து. பகைவரின் உடல் அழிவதற்கு முன்பே அவர்தம் ஊக்கம் அழிந்துவிடுகிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. மதுரைக் கோட்டையின் பொறிகளைச் சிலப்பதிகாரம் நெடிதாக அடுக்கிக் கூறுவதையும் இவ்வகையில் பொருள்கொள்ள இடமுண்டு. அப்பொறிகள் இயங்கியதாகக் காப்பியம் கூறவில்லை. அவை கண்ணிற் படுகின்றன, அவ்வளவே.

தண்டனையைப் பொறுத்தவரை வள்ளுவர் நிலைப்பாடு இன்னும் நுட்பமானது. கொடியவரைக் கொலையால் ஒறுத்தலை அவர் பயிர் காக்கக் களை எடுத்தலோடு ஒப்பிடுகிறார். இக்கொடியவர் யாவர் என விளக்குமிடத்துப் பரிமேலழகர் தீக்கொளுவுவார், நஞ்சிடுவார் ஆகியோரோடு ஆறலைப்பாரையும் சேர்க்கிறார். களை எடுத்தல் பிற களைகளை அஞ்சுவிப்பதற்கன்று. அது நீக்கம் மட்டுமே. அச்சத்தைப் பற்றி வள்ளுவர் பேசுவது 'வெருவந்த செய்யாமை' அதிகாரத்தில். ஓங்கும்போது கடுமையாக ஓங்கி, எறியும்போது மென்மையாக எறிய வேண்டும் என்பது அங்குக் கூறப்படும் நெறி. அளவு கடப்பார்போலத் தொடங்கி அளவு கடவாமற் செய்தல் எனப் பரிமேலழகர் இதனை விளக்குவார். அச்சம் ஓங்கலில் உள்ளது, எறிதலில் இல்லை. அதே அதிகாரத்தில், கடுஞ்சொல்லும் அளவிறந்த தண்டமும் அரசனின் வலிமையைத் தேய்க்கும் அரமாக உருவகிக்கப்படுகின்றன. தேய்வது குடிகளின் துணிவன்று, அரசனின் வலிமை.

இவ்விடத்தில் அர்த்தசாத்திரத்தை ஒப்புநோக்குவது பயன்தரும். உலகியல் ஒழுங்காக நடைபெற வேண்டுமெனில் அரசன் எப்போதும் கோலை ஓங்கியே வைத்திருக்க வேண்டும் என்னும் முன்னை ஆசிரியர்தம் கொள்கையைக் கௌடிலியர் எடுத்துக்காட்டி மறுக்கிறார். கடுந்தண்டம் செய்வோனை மக்கள் வெறுப்பர்; மென்தண்டம் செய்வோனை இகழ்வர்; தக்க தண்டம் செய்வோனையே மதிப்பர் என்பது அவர் முடிபு. ஐரோப்பாவில் 1764இல் வெளிவந்த தம் நூலில் பெக்காரியா, தண்டனையின் கொடுமையைவிட அது தப்பாமல் வந்து சேரும் என்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்றார். வள்ளுவர், கௌடிலியர், பெக்காரியா மூவரும் ஒன்றையே கூறினர் என்று சாதிப்பது மிகை. ஆயினும் கொடுமைக்கும் தடுப்பாற்றலுக்கும் நேர்விகிதம் இல்லை என்பதை மூவரும் வெவ்வேறு வழியில் உணர்ந்திருந்தனர். இவ்வுணர்வு நடைமுறையில் எந்த அளவு இருந்தது என்பதே வினா.

சுரமும் ஆறலைப்போரும்

சங்க இலக்கியத்தில் வேங்கடம் கள்வர் கோமானாகிய புல்லியின் மலை. மாமூலனார் அதனைப் பலமுறை பாடியுள்ளார். அதற்கப்பால் மொழி வேறுபட்ட நாடு. பொருள்வயிற் பிரியும் தலைவன் கடக்கும் சுரங்களில் வழிப்பறிக்கப்பட்டு இறந்தோரின் உடல்களை மூடிய பதுக்கைகளைப் பாலைப் பாடல்கள் காட்டுகின்றன. ஆநிரை மீட்டு இறந்தோர்க்கு எடுத்த நடுகற்களும் அவ்வழிகளில் நிற்கின்றன.

இவ்விருவகைக் கற்களையும் ஒருங்கே கருதுவது இன்றியமையாதது. நடுகல் புகழுக்கு உரியது. பதுக்கையோ எவரும் எச்சரிக்கைக்காக எழுப்பாதது. எனினும் காண்போரை எச்சரிப்பது. ஆனால் அது அச்சுறுத்துவது வழிப்போக்கனையே, ஆறலைப்போனை அன்று. தடுக்கப்பட வேண்டியவனை விட்டு, காக்கப்பட வேண்டியவனையே அச்சம் சென்று பற்றும் இந்நிலை, பிற்கால வரலாற்றிலும் இம்மலையடிவாரத்தில் மீளக் காணப்படுகிறது.

கல்லில் எழுதிய அச்சம்

முதலாம் ஆதித்தன் உயிர்துறந்த தொண்டைமான் ஆற்றூர் காளத்திக்கு அருகில் உள்ளது. குடிமல்லத்தில் பாணர், பல்லவர் காலக் கல்வெட்டுகளும் திருச்சானூரில் பல்லவர் காலக் கல்வெட்டும் கிடைத்துள்ளன. திருமலை–திருப்பதிக் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1930களில் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தமிழ்க் கல்வெட்டியலில் இத்தொகுதிகள் பெற வேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை என்றே கூற வேண்டும்.

கொடைக் கல்வெட்டுகளின் இறுதியில் வரும் ஓம்படைக்கிளவி, அச்சுறுத்தித் தடுத்தலுக்கு மிகச் சிறந்த சான்றாகும். இவ்வறத்தை அழிப்போன் கங்கைக்கும் குமரிக்கும் இடைப்பட்ட நிலத்தார் செய்த பாவமெல்லாம் கொள்வான்; கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் அடைவான்; கொடுத்த நிலத்தைப் பறிப்போன் அறுபதினாயிரம் ஆண்டு மலத்துப் புழுவாய்ப் பிறப்பான் என்பன போன்ற தொடர்கள் தமிழகமெங்கும் காணப்படுகின்றன. இவற்றைச் சமயச் சடங்குத் தொடர்களாக மட்டும் கொண்டு கடந்துவிடுவது வழக்கம். ஆனால் இவை யாரை நோக்கிப் பேசுகின்றன என்பதைக் கருத வேண்டும். கல்வெட்டு பொறிக்கப்பட்ட நாளில் அக்கொடையை அழிக்க எண்ணியவர் எவரும் பெரும்பாலும் இருந்திருக்கமாட்டார். அது நூறாண்டு கழித்து வரக்கூடிய அரசனை, ஊர்ச்சபையை, கோயில் கணக்கனை நோக்கியது. தன்னால் ஒறுக்கவியலாத எதிர்கால மனிதனை, அவன் பிறக்கும் முன்னரே அஞ்சச் செய்ய முயல்வது. அச்சத்தோடு நயப்பும் சேர்க்கப்படுகிறது: இவ்வறத்தைக் காத்தவன் திருவடி என் தலைமேல் என்று அரசனே பணிந்து கூறுகிறான்.

இச்சாபங்கள் பயன் தந்தனவா? தமிழகக் கோயில்களில் கல்வெட்டுக் கற்கள் தலைகீழாகவும் துண்டாகவும் பிற்காலச் சுவர்களில் வைத்துக் கட்டப்பட்டிருப்பதைக் கண்டோர் ஆம் என்று எளிதில் கூறார். திருமலையிலோ வேறொரு நிலை காணப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டில் யாதவராயர் ஆட்சிக்காலத்தில் திருப்பணி நடந்தபோது, பழைய கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. முன்னோர் கொடையைப் பிற்காலத்தவர் அழிக்காமல் மறுபடியும் எழுதிவைத்தனர். இதற்குச் சாபத்தின் கொடுமை காரணமன்று. திருமலைக் கல்வெட்டுகள் பல, 'ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை' என்று முடிகின்றன. ஸ்ரீவைஷ்ணவர்கள் பணியால் எழுதினேன் என்று கோயில் கணக்கர் திருநின்றவூருடையான் கையெழுத்திடுகிறார். அதாவது, யார் காப்பர், யார் கேட்பர், யார் எழுதினர் என்பது கல்லிலேயே உள்ளது. அறுபதினாயிரம் ஆண்டுப் புழுப்பிறவியைவிட, நாளைக் காலை கணக்குக் கேட்கும் ஒருவர் இருக்கிறார் என்னும் செய்தி வலிமையுடையது.

இதனை உறுதிப்படுத்தும் சான்றுகள் தொண்டை மண்டலத்தின் பிற பகுதிகளிலும் உள. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோரையும் அவர்தம் உறவினரையும் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர் என விலக்குகின்றன. சிறையுமில்லை, அடியுமில்லை, ஆயினும் ஒருவன் தவறு அவன் சுற்றத்தாரின் தகுதியையும் கெடுக்குமாதலால், சுற்றத்தாரே அவனுக்குக் காவலாயினர். முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சார்ந்த உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர் உடைமையோடு அவர்தம் உறவினர் உடைமையையும் பறிமுதல் செய்ததைப் பதிவு செய்கிறது. இளவரசனைக் கொன்ற வழக்கிலும் கல்லில் நின்றது நிலப் பறிமுதலே. கருதாது நேர்ந்த கொலைக்குக் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க 96 ஆடு விடும்படி தீர்ப்பளித்த கல்வெட்டுகளும் பலவாகும். அவ்விளக்கு ஊரார் கண்முன் நாள்தோறும் எரியும்.

இதனால் முற்காலம் மென்மையானது என்று முடிவு கட்டிவிட முடியாது. கழுவேற்றம் இருந்தது, சுற்றத்தாரையும் சேர்த்து ஒறுப்பது இன்றைய நீதிக்கு ஒவ்வாதது. இங்குக் கருதப்படுவது மென்மையன்று, பொறுப்பு யார்மேல் எப்படிக் கட்டப்பட்டது என்பதே.

பாளையங்களும் தூக்குமரங்களும்

1801 சூலை 31ஆம் நாள் ஏற்பட்ட உடன்படிக்கையால் ஆர்க்காட்டு நவாபின் நாடு கிழக்கிந்தியக் கும்பெனியின் நேரடி ஆட்சிக்கு வந்தது. வட ஆர்க்காட்டுக்குச் சித்தூரே தலைமையிடம் ஆயிற்று. 1911 வரை அவ்வாறே இருந்தது. புதிய ஆட்சியாளர் பாளையக்காரரை அடக்கக் கையாண்ட முறை அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே தென்பாண்டி நாட்டில் உருவாகியிருந்தது. சித்தூரில் நிகழ்ந்ததை அறிய அதனைக் காண்பது தேவையாகிறது.

1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மனை மேஜர் பானர்மன் தூக்கிலிட்டார். பிற பாளையக்காரர்களைத் தம்முன் வரவழைத்து நிற்கவைத்து இதனைச் செய்தார். கட்டபொம்மனின் அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளை அதற்கு முன்னரே கொல்லப்பட்டு, அவர் தலை பாஞ்சாலங்குறிச்சியில் ஈட்டியில் வைக்கப்பட்டது. காண்போர் அஞ்ச வேண்டும் என்பதே இவற்றின் வெளிப்படையான நோக்கம். கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் ஆணையிடப்பட்டது.

இவ்வச்சம் பதினாறு மாதங்கள்கூட நிற்கவில்லை. 1801 பிப்ரவரி 2ஆம் நாள் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார். தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாள்களிலேயே மீண்டும் எழுந்து, மே 24 வரை கும்பெனிப் படையை எதிர்த்து நின்றது. அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16ஆம் நாள் ஊமைத்துரை. எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

இவ்வளவும் நிகழ்ந்தபின் வட ஆர்க்காட்டுப் பாளையங்கள் இருவேறு வகையாக நடந்துகொண்டன. காளத்தி, வேங்கடகிரி, கார்வேட்டிநகரம் முதலிய பெரும்பாளையங்களுக்கு 1802இல் நிலையான சன்னதுகள் வழங்கப்பட்டன. படைக்கடமை பேஷ்குஷ் தொகையாக மாற்றப்பட்டு, நிலவுரிமை உறுதி செய்யப்பட்டது. அவை அமைதியாயின. புத்தூர் வட்டாரத்தில் இக்காலத்தில் பெரும்போர் எதுவும் பேசப்படாமைக்கு இதுவே காரணம் எனலாம். சித்தூரைச் சூழ்ந்த கல்லூர், பாகால, புலிச்செர்லா முதலிய சிறுபாளையங்களில் நிலை வேறு. அங்குக் காவல் உரிமையும் அதனால் வந்த வருவாயும் கேள்விக்குள்ளாயின. 1804இல் அவை கிளர்ந்தெழுந்தன. படை அனுப்பியே ஒடுக்க வேண்டியதாயிற்று. தெற்கே தொங்கிய உடல்களைப் பற்றிய செய்தி இரு சாராரையும் ஒருபோலவே எட்டியிருக்கும். ஒரு சாரார் அடங்கியதற்கும் மறு சாரார் எழுந்ததற்கும் அச்சத்தின் அளவு காரணமாகாது. கையில் சன்னது இருந்ததும் இல்லாததுமே காரணமாகும்.

இரண்டாண்டு கழித்து, அதே மாவட்டத்து வேலூர்க் கோட்டையில் 1806 சூலை 10ஆம் நாள் சிப்பாய்கள் எழுந்தனர். கில்லெஸ்பி ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்து அடக்கினார். அன்றே ஏறத்தாழ நூறு பேர் விசாரணையின்றிச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். பின்னர் நடந்த விசாரணையின்படி அறுவர் பீரங்கி வாயில் வைத்துச் சிதறடிக்கப்பட்டனர்; ஐவர் சுடப்பட்டனர்; எண்மர் தூக்கிலிடப்பட்டனர்; ஐவர் நாடுகடத்தப்பட்டனர். ஆனால் கும்பெனி அத்தோடு நிற்கவில்லை என்பது கருதத்தக்கது. சினத்தைத் தூண்டிய தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திருப்பியழைக்கப்பட்டனர். பீரங்கி செய்ததைவிட இவ்வாணை நீக்கம் செய்தது மிகுதி என்று கொள்வதற்கு இடமுண்டு.

1806க்குப்பின் நிலவிய அமைதி கொடுந்தண்டனையின் விளைவே என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தில் ஒரு மயக்கம் உள்ளது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, துப்பாக்கியும் வேலும் பறிக்கப்பட்டன, பாளையங்கள் பறிமுதலாயின. எழும் ஆற்றல் இல்லாமற் போனவனை அஞ்சி அடங்கியவன் என்று எண்ணுவது பொருந்தாது. ஆற்றலோடு இருந்தபோது, 1799ஆம் ஆண்டுத் தூக்கு 1801ஐத் தடுக்கவில்லை. 1801ஆம் ஆண்டுத் தூக்குகள் 1804ஐத் தடுக்கவில்லை.

பாளையத்தோடு நீக்கப்பட்ட காவல் முறையும் குறிப்பிடத்தக்கது. ஊர்க்காவலில் திருடு போன பொருளை மீட்டுத் தர இயலாத காவற்காரன் அதன் மதிப்பை ஈடு செய்ய வேண்டும் என்பது பொது வழக்கு. திருடனைவிடக் காவற்காரனே மிகுதியாக அஞ்சிய முறை அது. இதில் சீர்கேடும் இருந்தது. காவற்காரனே திருடி, துப்புக்கூலி பெற்றுக்கொண்டு மாட்டைத் திருப்பித் தந்த கதைகள் தென்மாவட்டங்களில் ஏராளம். ஆயினும் இதனை முற்றும் அகற்றித் தாரோகாக்களை அமர்த்திய ஏற்பாடு பயன்படாமற் போகவே, மன்றோவின் முயற்சியால் 1816ஆம் ஆண்டு 11ஆம் ஒழுங்காணை ஊர்க்காவலை மீண்டும் ஊராரிடமே சேர்த்தது.

செம்மரக் காடு

சேஷாசல மலைக்காடுகளில் இயற்கையாக வளரும் செம்மரம் உலகில் வேறெங்கும் இவ்வாறு வளர்வதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே அது உரியது. வெளிநாடுகளில் அதற்கிருக்கும் விலை, வேங்கடச் சுரத்தை மீண்டும் அச்சத்தின் நிலமாக்கியது. மரம் வெட்ட வருவோர் பெரும்பாலும் சவ்வாது மலை, கல்வராயன் மலை முதலிய தமிழக மலையூர்களைச் சேர்ந்த கூலியாள்கள். அனுப்புவோர் வேறு, விற்போர் வேறு. 2013 டிசம்பரில் வனத்துறை அலுவலர் இருவர் இக்காட்டில் மரம் வெட்டுவோரால் கொல்லப்பட்டனர்.

2015 ஏப்ரல் 7ஆம் நாள் அதிகாலை, சந்திரகிரி வட்டாரத்து மலையடிவாரத்தில் இரு இடங்களில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் ஆந்திரக் காவல்துறையின் சிறப்புப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். கோடரியாலும் கல்லாலும் தாக்கப்பட்டதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. அவர்களுட் சிலர் முன்னாள் நகரி புத்தூர் அருகே பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு செல்லப்பட்டவர்கள் என்று தப்பியவர் தரப்பில் கூறப்பட்டது. மனித உரிமை அமைப்புகள் இதனைப் போலி மோதல் என்றன. தேசிய மனித உரிமை ஆணையம் விசாரணையில் இறங்கியது. இவ்விரு கூற்றுகளுள் எது மெய் என்பது நீதிமன்றத்திற்குரியது. வரலாற்று நோக்கில் காண வேண்டியது, அந்நிகழ்ச்சி பிறரைத் தடுத்ததா என்பதே.

புல்லியின் மலையில் கிடந்த பதுக்கைகளைப் போலவே, இவ்வுடல்களும் அச்சுறுத்தியது வழிநடப்போரை. திருவண்ணாமலை, தருமபுரி மலையூர்களில் பல குடும்பங்கள் பேருந்தில் திருப்பதிக்குச் செல்லவும் அஞ்சின. மரத்தை விலைபேசுவோன் அம்மலையில் கால் வைத்தவன் அல்லன். ஆதலால் அங்கு விழுந்த எறிதல் அவனை எட்டவில்லை. ஓங்கப்பட்ட கோல் தன்மேல் விழும் என்று அவன் நம்புவதற்கும் ஏதுமில்லை. உள்ளூரில் வேலையற்றிருந்த கூலியாளுக்கோ ஓரிரவுக் கூலி பல வாரக் கூலிக்கு நிகர். வெட்டுதல் நின்றபாடில்லை, ஆள் பிடிப்போர் வேறு மலையூர்களுக்குச் சென்றனர். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டத்து ஒண்டிமிட்டா ஏரியில் ஐவர் உடல்கள் மிதந்தன. அவர்கள் சேலம் மாவட்டத்துக் கல்வராயன் மலைப்பகுதியைச் சார்ந்தவர்கள்.